பாசிமணி நெசவு: முதல் கைப்பட்டி

தறியில் பாசிமணி நெய்து கைப்பட்டி செய்யப் பழக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, கலேவெல

மணிநெசவுக்கு விலையுயர்ந்த தறி தேவையில்லை. உறுதியான அட்டைப்பெட்டியின் எதிரெதிர் விளிம்புகளில் சம இடைவெளியில் வெட்டுகள் இட்டால் அதுவே தறி. வெட்டுகளில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல்கள், ஒரு வரிசை மணிகளைவிட எப்போதும் ஒன்று கூடுதல்: ஏழு மணி அகலத்துக்கு எட்டு நூல். பட்டியின் நீளத்துடன் 30 சென்றிமீற்றர் சேர்த்து வெட்டி, தளராமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

உங்கள் கலேவெலப் பிரதேசத்தின் இப்பன்கட்டுவ பெருங்கற்கால ஈமக்காட்டில் கார்னீலியன் மணிகள் கிடைத்துள்ளன. மணி கோக்கும் கலை அந்த மண்ணில் அவ்வளவு பழையது. மாலையில் மணிகள் அளவில் வேறுபட்டாலும் அழகே. தறியிலோ ஒரே அளவு மணிகள்தான் விளிம்பை நேராக்கும். ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் பாசிமணியும் நைலோன் நூலும் மெல்லிய ஊசியும் போதும்.

ஊசியில் கோத்த ஊடு நூலை ஓரப் பாவில் முடிச்சிட்டு, ஏழு மணிகளைக் கோத்துப் பாவின் அடியில் கொண்டுசென்று, ஒவ்வொரு மணியும் இரு நூல்களுக்கிடையே எழும்படி விரலால் தள்ள வேண்டும். பிறகு ஊசி, எல்லாப் பாவு நூல்களுக்கும் மேலாக, அதே துளைகள்வழியே திரும்பும். ஒரு நூலின் அடியில் போனாலும் அந்த இடத்தில் மணி நழுவும். முதற் பத்து வரிசைகளில் இதை மட்டும் கவனித்தால் கை பழகிவிடும். முடிவில் நூல் நுனிகளை முந்தைய வரிசைகளின் மணிகளுக்குள் நுழைத்து வெட்ட வேண்டும்.