கிளியைக் கீற முதல் கிளியைப் பார்: கொக்குவில் அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, போன கிழமை நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். "அக்கா, என் கிளிக்குஞ்சு மின்னிக்கு என்னென்ன சாப்பாடு குடுக்கலாம்?" இது முதலாவது. "அவளை வடிவாய் ஒரு படம் கீறி, சட்டம் போட்டுத் தொங்கவிட வேணும், எங்கேயிருந்து தொடங்கிறது?" இது இரண்டாவது. ஆறு வருடமாய் என் கிளி செல்லனை வளர்த்து, கொப்பி கொப்பியாய் அவனைக் கீறிப் பழகினவள் என்றபடியால் சொல்கிறேன்: இரண்டும் ஒரே வேலைதான். கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து பார்க்கிற வேலை. கண்ணைச் சுற்றியிருக்கிற வளையத்தைக் கீறிப் பழகினவளுக்குத்தான் ஒருநாள் அந்த வளையம் வீங்கியிருந்தால் உடனே தெரியும்.

எங்கள் வீட்டில் முந்தியும் ஒரு கிளி இருந்தது. நீ அப்போது கைக்குழந்தை. பனம் பொந்திலிருந்து யாரோ இறக்கிக்கொண்டு வந்து விற்ற குஞ்சு. அம்மம்மா ராணி என்று பெயர் வைத்தா. நிமிர்ந்தால் தலை முட்டுகிற வட்டக் கூடு, எந்த நாளும் சோறும் மிளகாயும், பறந்துவிடாமல் இருக்க வெட்டிவிட்ட செட்டை. 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் சைக்கிளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் புறப்பட்டோம். அப்பா கூட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ராணியால் பறக்க முடியவில்லை. படியால் இறங்கி நடந்து போனாள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூடு மட்டும் கிடந்தது. அவளுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. சொண்டின் சிவப்பைத் தவிர எனக்கு அவளுடைய முகம் ஞாபகத்தில் இல்லை. செட்டை வெட்டலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்பதும், படம் கீறலாமா என்று யார் கேட்டாலும் இன்றைக்கே தொடங்கு என்பதும் அதனால்தான்.

குஞ்சு எங்கேயிருந்து வந்தது என்பதை முதலில் பேசிவிட வேண்டும். வட்டுப் போன மொட்டைப் பனைகளை நீ எத்தனை இடத்தில் பார்த்திருப்பாய். அந்தப் பொந்துகளில்தான் பச்சைக்கிளி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அதற்குள் கைவிட்டு எடுத்துச் சந்தியில் விற்கிற குஞ்சை வாங்காதே. இரக்கப்பட்டுக்கூட வாங்காதே. நீ காசு கொடுத்து ஒன்றை மீட்டால் அடுத்த கிழமை இன்னொரு பொந்து காலியாகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி சோதிடரை வனத்துறை பிடித்தது அதற்காகத்தான். எங்கள் நாட்டிலும் 1937இல் வந்த வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பறவையையும் வாங்க முதல் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. உன் மின்னி வளர்ப்பவர் வீட்டிலேயே பொரித்த குஞ்சு என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒழுங்காய்ப் பார்த்தால் 25 வருடம்கூட இருப்பாள். உன் மகள் பெரியவளாகி வேலைக்குப் போகும்போதும் மின்னிக்குப் பழம் வெட்டிக் கொடுக்க ஒருத்தர் வேண்டும். இதை வீட்டில் எல்லோரோடும் இப்போதே கதைத்துவை.

கூடு சதுரமாய் அல்லது நீளச்சதுரமாய் இருக்கட்டும். இரண்டு செட்டையையும் விரித்து அடிக்க இடம் வேண்டும், நீண்ட வால் கம்பியில் உரசக்கூடாது. மலிவாய்க் கிடைக்கிறது என்று நாகம் பூசின வலையில் கூடு செய்வித்துவிடாதே. கிளி நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும், அந்த நாகம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கடையில் தருகிற வழுவழுப்பான பிளாஸ்ரிக் தடியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கொப்போ வேப்பங்கொப்போ வெட்டிக் கட்டு. ஒரு பக்கம் மொத்தமாய், ஒரு பக்கம் மெல்லிசாய் இருந்தால் கால்விரல்களுக்கு நல்லது. அலரிக் கொப்பைத் தொடவே வேண்டாம். வேலியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது என்று அவசரத்துக்கு முறித்துவிடுவாய், அது முழுவதும் நஞ்சு.

குசினிக்குள் கூட்டை வைக்கவே கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். டெஃப்லோன் பூசின ஒட்டாத சட்டி அடுப்பில் வெறுமையாய்க் காய்ந்தால் வெளிவருகிற ஆவி கிளியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். எங்களுக்கு மணம்கூடத் தெரியாது. பறவையின் நுரையீரல் காற்றை எங்களைவிட நன்றாய் உறிஞ்சி எடுக்கும், நஞ்சையும் அப்படியே எடுக்கும். நுளம்புத்திரியும் சாம்பிராணிப் புகையும் அவள் இருக்கிற அறைக்குள் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாமியறைக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்க்கிற வீடுகள் கனக்க. கிளி ஆசையாய்த் தின்னும், கொழுப்பு ஏறும், உயிர்ச்சத்து ஏ குறைந்து நோய் வரும். தினை, சாமை, குரக்கன் கலந்து வை. பயறை முளைக்கவிட்டுக் கொடு. திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் பப்பாசி, கரட், கொய்யா, பொன்னாங்காணி எல்லாம் ஒரே சுற்றில் வாங்கலாம். வேலியில் கொவ்வை படர்ந்திருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? பழுத்த கொவ்வைப்பழத்தை ஒரு காலால் பிடித்துக்கொண்டு செல்லன் தின்கிற வடிவைப் பார்த்தால் உனக்கே பசிக்கும். மிளகாயைப் பார்த்துப் பயப்படாதே, பறவைகளுக்கு அதன் உறைப்புத் தெரியாது. சுண்ணாம்புச் சத்துக்கு ஓட்டுக் கணவாயின் ஓடு போதும். காக்கைதீவில் கணவாய் வாங்கினால் ஓட்டை எறியாமல் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, உப்புப் போனபின் வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டு. ஆனைக்கொய்யா, சொக்லேட், கோப்பி, உப்புப் போட்ட மிக்ஸர் நான்கும் அவளுக்கு ஆகாது. தண்ணீரைக் காலையும் பின்னேரமும் மாற்று.

இரவில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நித்திரை வேண்டும். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏன் கத்துகிறாள் என்று கேட்காதே.

கிளி நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டைப் பிராணிகள் முதலில் பிடிக்கும் என்பதால் அப்படிப் பழகியிருக்கிறது. வெளியே தெரிகிற நேரத்தில் அநேகமாய் நோய் முற்றியிருக்கும். பகலிலும் உடம்பை ஊதிக்கொண்டு, கொப்பை விட்டிறங்கிக் கூட்டின் அடியில் இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோ, நாளைக்கு என்று விடாதே. எச்சத்தில் பச்சை, வெள்ளை, தண்ணீர் என மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று மாறினால் கவனி. எச்சம் காய்ந்தபின் கூட்டைத் தும்புத்தடியால் தட்டாதே. அந்தத் தூசியோடு கிளிக்காய்ச்சல் கிருமி எங்கள் மூச்சுக்குள் போகலாம். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடை, முகத்தில் மாஸ்க் போடு.

சரி, இனிக் கொப்பியை எடு.

பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். சித்திரக் கொப்பி, எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, அழிறப்பர், கலர் பென்சில் பெட்டி. முதல் நாள் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதே, பார். அடுத்ததாய் ஒரு பக்கத்தை இருபது கட்டமாய்ப் பிரித்து ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்தில் ஒரு கிளி கீறு. அவள் அசைந்தால் அடுத்த கட்டத்துக்குப் போ, திரும்பப் பழையபடி இருந்தால் பழைய கட்டத்துக்கு வா. பதினைந்து கெட்டுப்போகும். மிச்ச ஐந்தில் உன் மின்னி இருப்பாள்.

1830இல் லண்டனில் எட்வர்ட் லியர் என்ற பொடியன் பதினெட்டு வயதில் கிளிகளை மட்டும் கீறி ஒரு புத்தகம் செய்யத் தொடங்கினான். அந்தக் காலத்தில் ஓவியர்கள் பெரும்பாலும் செத்த பறவையை வைத்துத்தான் கீறுவார்கள். லியர் விலங்குக்காட்சிச்சாலைக்குப் போய், காவலாளி கிளியைப் பிடித்துக்கொண்டிருக்க, செட்டையையும் காலையும் அளந்து, உயிரோடு இருக்கிற கிளியைப் பார்த்துக் கீறினான். ஓரங்களில் நிறக் குறிப்பும் எழுதிக்கொண்டான். 1832க்குள் 42 படங்கள். இன்றைக்கும் அந்தக் கிளிகள் எங்களைத் திரும்பிப் பார்க்கின்றன. இங்கே கொழும்பு நூதனசாலையில் வேலை செய்த ஜீ. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலைக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தால் விடாதே. ஒரு பறவை எப்படிக் குந்துகிறது என்பதை அவர் கோட்டிலேயே சொல்லிவிடுவார்.

தலை ஒரு வட்டம், உடம்பு ஒரு முட்டை, உச்சியிலிருந்து வால் நுனிவரை சரிவாய் ஒரு கோடு. இங்கேதான் எல்லோரும் ஒரு பிழை விடுகிறோம்: வாலைக் கட்டையாக்கிவிடுகிறோம். வளர்ந்த பச்சைக்கிளி சொண்டிலிருந்து வால்நுனிவரை 40 சென்றிமீற்றர் வரும், அதில் பாதிக்கு மேல் வால்தான். அடிமட்டம் வைத்துப் பார்த்துக் கீறு. அடுத்த பிழை கால். காகத்துக்குப்போல முன்னுக்கு மூன்று விரல் போடக்கூடாது. கிளிக்கு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. கொப்பைச் சுற்றி அந்த நான்கும் எப்படிப் பிடிக்கின்றன என்பதை மட்டும் ஒருநாள் முழுக்கக் கீறிப் பழகு.

சொண்டை முழுவதும் சிவப்பாய்த் தீட்டிவிடுவது மூன்றாவது பிழை. எங்கள் பக்கத்துப் பச்சைக்கிளிக்கு மேற்சொண்டு சிவப்பு, கீழ்ச்சொண்டு கருமை. சிவப்பு எந்தச் சிவப்பு? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கு நாள்தோறும் இலைகளால் புதிதாய் ஒரு கிளி கட்டுகிறார்கள், அதற்குச் சொண்டு மாதுளம்பூ. எங்கள் கிணற்றடி மாதுளையில் ஒரு பூவைப் பறித்துச் செல்லனின் சொண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே நிறம். நிழல் விழுகிற இடத்தில் கறுப்பைத் தேய்க்காமல் இன்னும் கடுஞ்சிவப்பைப் போடு.

பச்சைக்கு ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். கிளியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லை. இருப்பது மஞ்சள் சாயம். இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்துதான் எங்கள் கண்ணுக்குப் பச்சை. நீயும் அப்படியே செய்: முதலில் உடம்பு முழுவதும் மஞ்சள் பூசு, அதன்மேல் நீலத்தை மெல்லிசாய், முதுகில் கொஞ்சம் கூட்டி, வயிற்றில் குறைத்துத் தேய். பெட்டியில் இருக்கிற பச்சைப் பென்சிலால் தீட்டினால் பிளாஸ்ரிக் கிளி மாதிரி வரும். இறகை ஒவ்வொன்றாய்க் கீறாதே. தோளில் நாலைந்து செதில், செட்டை ஓரத்தில் சில நீளக் கோடு போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர்களின் கண் நிரப்பும்.

கண்ணைக் கடைசிக்கு விடு. மின்னி குஞ்சு, அவளுக்குக் கண் முழுவதும் கருமையாய் இருக்கும். செல்லனுக்குக் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் வந்துவிட்டது, கோபமோ ஆசையோ வந்தால் உள்ளே இருக்கிற கறுப்புச் சட்டென்று சுருங்கி விரியும். வெளிச்சப் புள்ளிக்கு வெள்ளைப் பென்சில் வேண்டாம், கடதாசியையே அந்த இடத்தில் விட்டுவிடு. கழுத்து ஆரத்தை இப்போதே கீறிவிடாதே. அது ஆணுக்குத்தான் வரும், வருவதற்கும் இரண்டு மூன்று வருடம் செல்லும். மின்னி என்று பெயர் வைத்திருக்கிறாய், அப்போதுதான் அவள் மின்னியா மின்னனா என்று தெரியும்.

போனில் படமெடுத்துப் பார்த்துக் கீறுவதென்றால் அவள் கண்மட்டத்துக்குக் குனிந்து எடு, ஃபிளாஷ் போடாதே, பதறிக் கம்பியில் அடிபடுவாள். காலை வெயில் யன்னலால் சரிந்து வருகிற நேரம் நல்லது.

ஞாயிறு தோறும் சமையல் தராசில் ஒரு சிறிய கொப்பைக் கட்டி அவளை ஏற்றி நிறை பார். வளர்ந்தபின் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மற்ற அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் போகவேண்டும். அன்றைய படத்தின் பின்பக்கத்தில் திகதியையும் நிறையையும் எழுது. நேற்று நான் கீறின படத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்: செல்லன், 121 கிராம், பப்பாசி தின்றான். வருகிற ஞாயிறு மின்னியின் முதல் படத்தை எனக்கு அனுப்பு, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அனுப்பு.