கேமரா பேட்டரி சட்டென்று தீர்கிறதா?

இரவெல்லாம் சார்ஜ் செய்த பென்சில் பேட்டரிகளைப் போட்டும் டிஜிட்டல் கேமரா உடனே அணைந்துபோனால், புதியவற்றை வாங்குமுன் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

1. பேட்டரியின் இரு முனைகளையும், கேமராவினுள் அவை தொடும் உலோகத் தகடுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் மின்சாரப் பிரவாகத்துக்குத் தடையாகும்.

2. மெனுவில் பேட்டரி வகையைக் குறிக்க இடமிருந்தால், சார்ஜ் செய்யும் பென்சில் பேட்டரிகளுக்குரிய நிக்கல் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண பேட்டரியின் 1.5 வோல்ட்டையே எதிர்பார்க்கும் கேமரா, நிக்கல் பேட்டரியின் 1.2 வோல்ட்டைக் கண்டதும், சக்தி பாக்கியிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக அவசரப்பட்டு நிர்ணயித்துவிடும்.

3. பழையதோடு புதியதைக் கலவாதீர்கள். பலவீனமானது முதலில் ஓய்ந்து ஜோடியையே முடக்கும்.

4. விசேஷத்துக்கு முந்தைய நாள் சார்ஜ் செய்யுங்கள். சும்மா கிடந்தாலும் சக்தி கரையும்.

5. உங்கள் கேமரா லித்தியம் பேட்டரியில் இயங்கினால், அது உப்பியிருக்கும்போது மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பற்றும் அபாயமுண்டு, இதில் சிக்கனம் வேண்டாம்.