குளிர்காலையில் கிளம்பாத ராணுவ லாரி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கொடைக்கானல் மலையில் விளையும் காரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் காலத்தோடு கீழே இறங்கியாக வேண்டும். ராணுவம் கழித்து ஏலம் விட்ட பழைய டீசல் லாரிகளுக்கு ஏற்றத்தில் இழுக்கும் வலிமை உண்டு. ஆனால் மார்கழிக் காலையில் அவற்றைக் கிளப்புவது பெரும்பாடு. கிளம்பாவிட்டால் உடனே பம்பைக் கழற்றிப் பணத்தைக் கரைப்போரை எங்கள் செண்பகனூரில் நான் கண்டிருக்கிறேன். ஸ்பானரைத் தொடுமுன்பே கோளாறு எங்கே என்று ஓரளவு அறிய இயலும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசலும் வெப்பமும்

நம் ராணுவத்தின் சக்திமான் லாரி, ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தின் பேரில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரானது. ருடால்ஃப் டீசல் 1897-இல் தம் என்ஜினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டியதும் பின்னர் அந்நிறுவனமாக வளர்ந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில்தான். டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோமல்லவா?

காற்று 16-இல் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்று கொள்வோம். வெப்ப இழப்பே இல்லையென்றால், 35 டிகிரிக் காற்று 661 டிகிரி வரை சூடாகும். 8 டிகிரிக் காற்று 579 டிகிரியோடு நின்றுவிடும். வெளியே 27 டிகிரி குறைந்தால் உள்ளே 82 டிகிரி குறைகிறது! உண்மையில் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், ரிங் இடுக்கில் காற்று கசிவதாலும் சூடு இன்னும் வெகுவாகக் குறையும். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் இவ்விரண்டுக்கும் அதிக நேரம் கிடைக்கும். ஆகவே பாட்டரி தளர்ந்தால் காற்றின் சூடும் தளரும்.

உயரமும் ஒரு காரணம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்று அடர்த்தி குறைவதால் எண்ணெய் பற்றத் தாமதமாகிறது.

மூன்று கேள்விகள்

1. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? இல்லையெனில் பாட்டரித் திரவத்தின் ஒப்படர்த்தியைப் பாருங்கள். முழு சார்ஜில் அது 1.26-க்குக் குறையாது. முனைகளில் பூத்த உப்பைச் சுரண்டி, எர்த் கம்பியை இறுக்குங்கள். எந்த இணைப்பு சுடுகிறதோ, அங்கேதான் மின்தடை. குளிரில் என்ஜின் ஆயில் தடித்துவிடுவதையும் மறக்கலாகாது.

2. வேகமாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே இல்லையா? எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை. டாங்க், நிறுத்தும் லீவர், ஃபில்டர் ஆகியவற்றைப் பார்த்தபின், கைப்பம்பை அடித்து ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். அன்று கிளம்பி, மறுநாள் காலையில் மீண்டும் அதே தொல்லையா? டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயைச் சந்தேகியுங்கள். என்ஜின் சுற்றும்போது அங்கே எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். அதனால் அக்கசிவு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

3. வெண்புகை வந்தும் என்ஜின் பிடிக்கவில்லையா? எண்ணெய் எட்டிவிட்டது, வெப்பம் போதவில்லை. சுற்றும் வேகம் சரியென்றால் வால்வு, ரிங் தேய்வு, ஒழுகும் நாசில், டைமிங் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பம்பைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இரண்டு எச்சரிக்கைகள்

இரவில் லாரியை இறக்கத்தில் நிறுத்திக் காலையில் உருட்டிக் கிளப்புவது மலையில் பழகிப்போன வழக்கம். காற்று பிரேக் உள்ள பழைய வண்டியில் இது உயிரோடு விளையாடுவதாகும். என்ஜின் ஓடினால்தான் காற்று நிரம்பும். காற்று நிரம்பினால்தான் பிரேக் பிடிக்கும். என்ஜின் கிளம்பாமல் வண்டி மட்டும் உருண்டால், அடுத்த கொண்டை ஊசி வளைவில் யார் நிறுத்துவது?

ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைக் காட்டுவதும் கூடாது. எண்ணெய் படிந்த ஃபில்டர் தீப்பிடித்தால் லாரியே போய்விடும்.

செல்ஃப், எண்ணெய், அமுக்கம் என்ற வரிசையில் பார்த்தால் வீண் செலவும் மிஞ்சும், ஆபத்தும் விலகும். வகுப்பில் நாம் எழுதிக்கொள்ளும் வெப்ப அமுக்கச் சமன்பாடு ஏட்டுச் சுரைக்காயன்று. பட்டறையில் கறிக்கும் உதவும்.