8 ஜிபி போட்டிருக்கிறோம், 5.9 தானே காட்டுகிறது? கணினி ரேம் கணக்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த அக்கா மகள் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று அச்சிட்டிருந்தது. திரையிலும் 8.00 ஜிபி என்றுதான் இருந்தது. ஆனால் அதையொட்டி அடைப்புக்குறிக்குள் '5.90 ஜிபி யூசபிள்' என்று இன்னொரு எண். "சித்தி, கடைக்காரங்க ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். கடையில் விசாரித்தபோது இன்னொரு ரேம் வாங்கிப் போடச் சொன்னார்களாம்.

ஏமாற்றவும் இல்லை, இன்னொரு ரேம் வாங்கவும் தேவையில்லை. ஒரே ஓர் அமைப்பை மாற்றினோம், 7.4 ஜிபி ஆனது. செலவு எதுவும் இல்லை. ரேம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் பணம் செலவழிக்காதீர்கள் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. விண்டோஸ் கணினிகளை வைத்தே எழுதுகிறேன், நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது அதுதான்.

படி 1: எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

விண்டோஸ் பொத்தானையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், பிறகு அபவுட். 'இன்ஸ்டால்டு ரேம்' என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கணினிக்குள் பொருத்தியிருப்பது, அடைப்புக்குறிக்குள் இருப்பது விண்டோஸின் கைக்கு வருவது. அதே பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று ஓர் எண் இருக்கும். நாம் தேடும் ஆள் இதுதான். விண்டோஸ் தொட முடியாதபடி வன்பொருள் தனக்கென்று ஒதுக்கி வைத்த பங்கு இது. எத்தனை ரேம் ஸ்லாட்டுகளில் கார்டு இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

இரண்டு விஷயங்களை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. 'இன் யூஸ்' என்ற எண் கூடுவதும் குறைவதும் நாம் திறந்து வைத்திருக்கும் செயலிகளைப் பொறுத்தது. அதற்கும் இந்தக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. 1 டிபி ஹார்டு டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுகிறதே, அந்தக் கணக்கும் இங்கே செல்லாது. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ரேமில் இரு தரப்பும் 1024 கணக்குதான்.

படி 2: குறைந்த அளவைப் பாருங்கள்

எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். இருநூறு, முந்நூறு எம்பி குறைந்தால் அது இயல்பு. 8 ஜிபிக்கு 7.8, 16 ஜிபிக்கு 15.7 என்று இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். 512 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று முழுசாக ஒரு துண்டு போயிருந்தால் கிராபிக்ஸைச் சந்தேகியுங்கள். 4 ஜிபி போட்டு 3.25-ஐ ஒட்டி நின்றால் 32 பிட் விண்டோஸ். சரிபாதி காணாமல் போயிருந்தால் ரேம் கார்டு அல்லது ஸ்லாட். இதிலெல்லாம் அடங்காத ஏதோ ஓர் எண்ணில் நின்றால் யாரோ ஓர் அமைப்பில் கை வைத்திருக்கிறார்கள்.

படி 3: கிராபிக்ஸ் எடுத்துக்கொண்ட பங்கு

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் காட்டும் வேலையைப் புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியே செய்கிறது. அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது. நம் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்டெல் கணினிகளில் இந்த முன்ஒதுக்கீடு பெரும்பாலும் சில பத்து எம்பிதான், கண்ணில் படாது. ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகளில் 512 எம்பி முதல் 2 ஜிபி வரை போய்விடும். அக்கா மகளின் லேப்டாப்பில் நடந்தது இதுதான்.

இதை மாற்றும் இடம் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம். அதற்குள் நுழையும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, தயவுசெய்து தவிர்க்காதீர்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை இயக்கும்போது 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடைக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

லேப்டாப்பை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கும்போது எஃப்2 அல்லது டிலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் வரும். சில நிறுவனங்களுக்கு எஃப்10, எஸ்கேப் என்று மாறும். அட்வான்ஸ்டு பகுதியில் 'யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்' என்று ஒரு வரி. அக்கா மகளின் லேப்டாப்பில் அதற்கு நேராக '2ஜி' என்றிருந்தது. என்டர் தட்டினால் ஒரு சின்னப் பட்டியல்: ஆட்டோ, 512எம், 1ஜி, 2ஜி. 512எம்-ஐத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தோம். லேப்டாப் எழுந்ததும் 7.4 ஜிபி யூசபிள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதனால் படம் மங்குமா, வீடியோ தடுமாறுமா என்று பயப்பட வேண்டாம். ஒதுக்கீட்டைக் குறைத்தாலும், தேவைப்படும்போது கிராபிக்ஸ் பொது ரேமிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திருப்பித் தரும். முன்பதிவு செய்து பூட்டி வைத்த பங்குதான் குறைகிறது. கேம் ஆடுகிறவர்கள் மட்டும் 2 ஜிபியிலேயே விட்டுவிடலாம், சில கேம்கள் கிராபிக்ஸ் நினைவகம் இவ்வளவு இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும். பல லேப்டாப்புகளின் பயாஸில் இந்த வரியே இருக்காது. அப்படியானால் விட்டுவிடுங்கள். பெயர் புரியாத வேறு அமைப்புகளில் கை வைக்காதீர்கள்.

படி 4: 4 ஜிபியில் 3.25 தான் வருகிறதா?

பழைய கணினிகளின் கதை இது. 32 பிட் என்றால் ஒரு முகவரியை எழுத 32 இலக்கங்கள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. மொத்தம் 429,49,67,296 முகவரிகள், அதாவது சரியாக 4 ஜிபி. ஒரு தெருவில் இத்தனை கதவு எண்கள்தான் என்று நகராட்சி முடிவு செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் ரேம் மட்டும் குடியிருந்தால் பிரச்சினை இல்லை. பயாஸ் சில்லு, கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும் அதே தெருவில் கதவு எண் வேண்டும். அவை தெருவின் கடைசியில், 4 ஜிபி எல்லையை ஒட்டி உட்கார்ந்துகொள்கின்றன. அந்த எண்களுக்கு உரிய ரேம் உள்ளே இருந்தும் அதைக் கூப்பிட முகவரி இல்லை. முக்கால் ஜிபி இப்படித்தான் போகிறது.

4 ஜிபிக்கு மேல் எண் போடும் நுட்பம் 32 பிட் புராசசர்களில் 1995-லேயே வந்துவிட்டது. 32 பிட் சர்வர் விண்டோஸ்களில் சில அதைப் பயன்படுத்தி 64 ஜிபி வரை ஆண்டன. வீட்டுக் கணினிக்கு மட்டும் ஏன் தரவில்லை? மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் 2008-ல் இதை விளக்கி எழுதினார். சோதித்துப் பார்த்தபோது, 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட வீடியோ, ஆடியோ டிரைவர்களால் பல கணினிகள் முடங்கின. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியோடு நிறுத்திக்கொண்டது. என்னைக் கேட்டால் அது சரியான முடிவுதான். முக்கால் ஜிபியை இழப்பது, நாளுக்கு நாலு முறை கணினி நின்றுபோவதைவிட எவ்வளவோ மேல்.

அபவுட் பக்கத்தில் '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புராசசர்' என்று இருந்தால் தீர்வு உண்டு. 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். 32-இலிருந்து 64-க்கு மேலேற்றும் வசதி கிடையாது, டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் போட முடியும். ஆகவே கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். அதன் பிறகும் 3.25 என்றே காட்டினால் பயாஸில் 'மெமரி ரீமேப்' என்ற அமைப்பை எனேபிள் செய்யுங்கள். மறைந்து கிடக்கும் ரேமுக்கு 4 ஜிபிக்கு மேலே புதுக் கதவு எண் தருவது அதன் வேலை. மதர்போர்டில் இன்டெல் 945 சிப்செட் இருந்தால் மட்டும் வழியில்லை, ரீமேப் செய்யும் திறனே அதற்குக் கிடையாது.

படி 5: யாரோ போட்ட டிக்கை எடுங்கள்

தேடல் பெட்டியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, பூட் பகுதியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போங்கள். 'மேக்சிமம் மெமரி' பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினி வேகமாகும் என்று சொல்லி இதில் டிக் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பெட்டி ரேமைக் கூட்டுவதற்கானது இல்லை. இவ்வளவுக்கு மேல் தொடாதே என்று விண்டோஸுக்கு வரம்பு கட்டுவது.

படி 6: பாதி போயிருந்தால் உள்ளே பாருங்கள்

'இன்ஸ்டால்டு' எண்ணே குறைவாக இருந்தால் ஒரு கார்டை மதர்போர்டு பார்க்கவே இல்லை. இன்ஸ்டால்டு 16, யூசபிள் 8 என்றால் பார்த்திருக்கிறது, ஆனால் பயன்படுத்த முடியவில்லை. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: கழற்றி மாட்டுவது.

மின்இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். வெறும் உலோகம் எதையாவது தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேம் கார்டின் ஓரங்களைப் பிடித்து எடுத்துப் பாருங்கள், தங்க நிறப் பற்களில் மங்கலான படிவு இருக்கலாம். சர்வீஸ் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி அதைவிட நல்லது, துகள் உதிராது. திரும்பப் பொருத்தும்போது லேப்டாப்பில் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்த வேண்டும், டெஸ்க்டாப்பில் நேராக. 'கிளிக்' என்ற சத்தம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை.

பிறகும் சரியாகவில்லையா? ஒவ்வொரு கார்டாகத் தனியே போட்டு இயக்குங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றுங்கள். கோளாறு கார்டோடு நகர்ந்தால் கார்டு பழுது, ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு.

படி 7: விண்டோஸ் பதிப்பின் வரம்பு

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்கள் மட்டும் பாருங்கள். ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. 64 பிட்டிலும் ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16. விண்டோஸ் 10 ஹோம் 64 பிட்டில் 128 ஜிபி வரை ஏற்கும், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கடைக்குப் போவதென்றால்

இத்தனையும் பார்த்தும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், இன்ஸ்டால்டு, யூசபிள், ஹார்டுவேர் ரிசர்வ்டு மூன்றையும் தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். புது ரேம் போடச் சொன்னால், பழையது எங்கே போனது என்று அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.