மீன் பிடிக்கப் போகும் முன் மூன்று கேள்விகள்



ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் என் மாமா போன ஜூலை மாதம் வீட்டுக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை காவேரிக்கு மீன் பிடிக்கப் போலாம்டா. நீயே பிளான் போடு" என்றார். எனக்கும் தம்பிக்கும் ஒரே குஷி. நோட்டை எடுத்து தூண்டில், மண்புழு, சோத்து டப்பா என்று வரிசையாக எழுதினேன். எட்டிப் பார்த்த தாத்தா, "எல்லாம் எழுதுன, தண்ணிய எழுதலியே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வி 1: தண்ணீர் எவ்வளவு வருகிறது?

நம் பக்கத்தில் இருக்கும் பிலிகுண்டுலுவில்தான் மத்திய நீர் ஆணையம் காவிரித் தண்ணீரை அளக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த இடத்தில் அளக்கும் கணக்குதான். இங்கே அளந்த அளவு பேப்பரில் "வினாடிக்கு இத்தனை கன அடி" என்று வரும்.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் 28 லட்சம் லிட்டருக்கும் மேல். 10,000 லிட்டர் தண்ணி லாரி 283, ஒவ்வொரு வினாடியும் நம் முன்னால் ஓடுவதற்குச் சமம்! 2018, 2019, 2022, 2024 ஆண்டுகளில் வெள்ளம் இந்த அளவையும் தாண்டியது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும். உபரி நீரைத் திறந்தால் அது நம் பக்கம் வந்துதான் ஒகேனக்கல், மேட்டூர் போகும். அதனால் நம்ம ஊரில் சொட்டு மழை இல்லாமல் வெயில் அடிக்கும்போதுகூட ஆறு ஏறும். வானத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம்.

அந்தச் சனிக்கிழமை பேப்பரைப் பார்த்தோம். நீர்வரத்து கூடியிருந்தது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை என்று போட்டிருந்தது. மாமாவுக்கு நீச்சல் தெரியாது. தம்பி நாலாவதுதான் படிக்கிறான். "வேணாம் மாமா" என்றேன். மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

கேள்வி 2: தண்ணீர் யார் பொறுப்பில் இருக்கிறது?

வெள்ளம் வடிந்ததும் காவிரிக்கே போகலாம் என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. முதலை, நீர்நாய், ஆமை எல்லாம் வாழும் இடம். அங்கே வனத்துறையைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. அணைகளிலும் அனுமதி வேண்டும். ஏரி என்றால் குத்தகை எடுத்தவரிடம் கேட்க வேண்டும்.

தோட்டா போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. தோட்டா வெடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் சேர்ந்து சாகும்.

கேள்வி 3: தண்ணீர் எப்படி இருக்கிறது?

"அப்போ கெலவரப்பள்ளி டேம் போலாமா?" என்று மாமா கேட்டார். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து வருகிறது. வழியில் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவும் அதில் சேர்கிறது. அந்த அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிய படத்தைப் பேப்பரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். 1957-ல் திறந்த கிருஷ்ணகிரி அணையும் அதே ஆற்றில் கீழேதான் இருக்கிறது. நுரையும் நாற்றமும் உள்ள தண்ணீரில் பிடித்த மீனைத் தம்பிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் போன இடம்

பொங்கல் லீவில் அத்தை ஊர் ஏரிக்குப் போனோம். அது மழைத் தண்ணீர் நிற்கும் ஏரி. குத்தகைக்காரரிடம் முதலிலேயே கேட்டோம். அவர், "தூண்டில்னா போடுங்க, வலை வேணாம். ஜிலேபி எடுத்துக்கோங்க. கட்லா, ரோகு மாட்டுனா விட்டுடுங்க" என்றார்.

ஏன் அப்படி? கட்லாவும் ரோகுவும் ஓடுகிற ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். ஏரியில் தானாகப் பெருகாது. 1957 ஜூலை 10-ல் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி கெண்டை இன மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அந்த வழியில் வந்த குஞ்சுகளைத்தான் காசு கொடுத்து வாங்கி ஏரியில் விடுகிறார்கள். ஜிலேபி அப்படி இல்லை. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஏரியிலேயே பெருகிவிடும்.

எடுத்துப் போனவை: மூங்கில் கோல், தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு, ராகிக்களி உருண்டை, குடிதண்ணீர், ஒரு நீளமான கயிறு.

கவனிக்க: கெளுத்தி மாட்டினால் அதன் முள் குத்தும், பெரியவர்களிடம் கொடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சிக்கிக்கொள்ளும்.

எங்களுக்குக் கிடைத்தது ஏழு ஜிலேபி. தம்பிக்கு ஒரு சின்ன ரோகு மாட்டியது. அழுதுகொண்டேதான் விட்டான். தாத்தாவிடம் சொன்னபோது அவர், "பத்திரமா வந்தீங்களே, அதுதான் பெரிய மீனு" என்றார்.

நண்பர்களே, நீங்களும் தூண்டிலை எடுப்பதற்கு முன்னால் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பெரியவர்கள் இல்லாமல் தண்ணீருக்குப் போகாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள்: பிலிகுண்டுலுவில் வினாடிக்கு 20,000 கன அடி தண்ணீர் வந்தால் அது எத்தனை லிட்டர்? விடையைக் கணக்கு ஐயாவிடம் காட்டுங்கள்.



9-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு