மேட் வண்டியில் கை வைக்கும் முன்

வாட்டர் வாஷ், டீட்டெய்லிங் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு:

1. முன்னால் நிற்பது மேட் பெயின்ட்டா, மேலே ஒட்டிய ராப்பா என்று முதலில் பாருங்கள். கதவைத் திறந்தால் விளிம்பில் ஸ்டிக்கர் மடிப்பும் உள்ளே வேறு நிறமும் தெரிந்தால் அது ராப். கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். கியா செல்டோஸ் எக்ஸ்-லைன், ஸ்கோடா குஷாக் மேட் எடிஷன் மாதிரி கம்பெனியிலேயே மேட்டாக வந்தவற்றில் அந்த வசதி கிடையாது.

2. பாலிஷ் மெஷின், ரப்பிங் காம்பவுண்டு, கிளே பார், மெழுகு எதுவும் மேட் வண்டி நிற்கும் பக்கமே வரக்கூடாது. ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்றாவது கை துறுதுறுக்கும். அடியில் இருப்பது எல்லாக் கார்களுக்கும் அடிக்கும் நிறம்தான். மேலே பூசும் கிளியர் கோட்டில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்திருப்பதால் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக இருக்கும். விழும் வெளிச்சம் நாலாபுறமும் சிதறிவிடும். தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் மினுங்கும். கொஞ்ச காலம் ஓடிய மேட் நிற புல்லட்டின் டேங்கில் முழங்கால் உரசும் இடத்தைப் பாருங்கள், புரிந்துவிடும். சாதாரண வண்டியில் கீறலைத் தேய்த்து எடுப்பது திறமை. இங்கே தேய்க்காமல் இருப்பதுதான் திறமை.

3. கழுவுவதுதான் முக்கால்வாசி வேலை. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறட்டும். தண்ணீரை அடித்து மண்ணை இறக்கிய பிறகுதான் துணி தொட வேண்டும். மெழுகோ பளபளப்பு எண்ணெயோ கலக்காத, பிஎச் நடுநிலையான ஷாம்பு போதும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் நுரை, இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு துணி. காயவைக்கும்போது துடைக்காதீர்கள், மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். மற்ற வண்டியில் அதைத் தேய்த்து எடுத்துவிடுவோம், இதில் முடியாது. அதனால் கடைசி அலசலுக்காவது ஆர்ஓ தண்ணீர் வையுங்கள். பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷ் பக்கம் போகவே வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

4. அபார்ட்மென்ட்டில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர், ஒரே ஈரத்துணியால் பத்து வண்டியைத் துடைப்பார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு வண்டியை விட்டுவிடச் சொல்லுங்கள். தூசி படிந்து நிற்கும் மேட் வண்டி, தினமும் துடைத்த மேட் வண்டியைவிட நலமாக இருக்கும்.

5. காக்கை எச்சம், பூச்சி, மரப்பிசின், சிந்திய பெட்ரோல் இவற்றை மட்டும் காத்திருக்க விடாதீர்கள். எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயில் சேர்ந்தால் கிளியர் கோட்டை அரித்துவிடும். நகத்தால் சுரண்டாமல், நனைத்த துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

6. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது, வைக்கவும் வேண்டும். கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பில் குங்குமம் இறங்கினால் லேசில் போகாது. மாலையை டேப் போட்டு ஒட்டாமல் கயிற்றில் கட்டுங்கள். எலுமிச்சம்பழம் டயருக்குக் கீழேதானே, கவலையில்லை.

7. கோட்டிங் போடுவதானால் மேட்டுக்கென்றே வரும் செராமிக். பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிமான பிபிஎஃப் என்றால் மேட் பிபிஎஃப். பளபளக்கும் ஃபிலிமை ஒட்டினால் வண்டியே பளபளப்பாகிவிடும். கையில் காசு இருப்பவருக்கு நான் ஃபிலிமைத்தான் சொல்வேன், அடி வாங்குவது பெயின்ட் அல்ல, ஃபிலிம்.

8. ஆழக் கீறினால் டச்-அப் பலிக்காது, சுற்றியுள்ள பகுதியோடு கலக்காமல் திட்டாகத் தெரியும். முழு பேனலையும் மறுபடி அடிக்க வேண்டும், அப்போதும் பக்கத்துப் பேனலின் மங்கல் அளவோடு பொருந்துவது பெயின்ட்டர் கையில் இருக்கிறது. ஆகவே மேட் வண்டி உள்ளே வந்ததும், தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன் நாலு பக்கமும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே உள்ள மினுங்கல் திட்டுகளை ஜாப் கார்டில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.