ஆடித் தள்ளுபடி: எதிலிருந்து தள்ளுபடி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் பக்கத்தில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆடி பிறந்தால் பணம் நன்றாகப் பறக்கிறது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எங்கே திரும்பினாலும் துணிக்கடை, நகைக்கடை வாசலில் தள்ளுபடி போர்டுதான். பாடியில் சரவணா ஸ்டோர்ஸ் இருக்கிறது. அதுவும் போதாதென்றால் அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறி மாம்பலம் போனால் ரங்கநாதன் தெரு. கையில் ஸ்டைபண்டு, வீட்டில் அம்மா கட்டிய சீட்டுப் பணம், அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணம். இவ்வளவும் சேர்ந்துதான் நம்மைக் கடைக்குள் தள்ளுகின்றன.

ஸ்டைலாக உடுத்துவது தப்பில்லை. படிக்கிற வயதில் நல்ல சட்டை போடாமல் வேறு எப்போது போடுவது? ஆனால் மூன்று வருடம் அளவெடுக்கப் படித்த நாம், கடைக்குப் போனதும் அளவை மறந்துவிடலாமா? ஒர்க்‌ஷாப்பில் எந்த வேலையைத் தொடங்கினாலும் "எங்கிருந்து அளக்கிறாய்?" என்பதுதான் முதல் கேள்வி. தள்ளுபடி போர்டைப் பார்த்தாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். 50 சதவிகிதமா? சரி, எதில் 50 சதவிகிதம்? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரே கேள்விதான்.

1. ஆடியில் ஏன் தள்ளுபடி?

ஆடி என்பது ஏறக்குறைய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது உழவர் வழக்கு. கையில் இருந்த காசு விதைக்கும் உழவுக்கும் போய்விடும். கல்யாணம் முதலிய சுப காரியங்களை ஆடியில் வைப்பதில்லை. ஆகவே பட்டும் நகையும் வாங்க ஆள் வராத மாதம் இது. தேங்கிய சரக்கைத் தள்ளி, தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண வியாபாரிகள் கண்ட வழிதான் தள்ளுபடி. மந்தமாக இருந்த மாதம் இப்போது கூட்டம் நெரியும் மாதமாகிவிட்டது. பழைய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்ற காலம் போய், ஆடிக்கென்றே தனியாகச் சரக்கு தருவித்து விற்பதும் உண்டு. வாங்கும் சட்டை தேங்கிய சரக்கா, சீசன் சரக்கா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

2. துணிக்கடைக் கணக்கு

நான்கு வகைப் போர்டுகளைப் பார்ப்போம்.

(அ) "50 சதவிகிதம் + 20 சதவிகிதம்". இரண்டையும் கூட்டி 70 என்று நினைக்கிறோம். ரூ.1,200 சட்டை முதலில் ரூ.600 ஆகிறது. இருபது சதவிகிதம் அந்த 600-இல்தான் கழிகிறது. எனவே விலை ரூ.480. மொத்தத் தள்ளுபடி 60 சதவிகிதம், 70 அல்ல.

(ஆ) "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்". மூன்றும் ஒரே விலையென்றால் தள்ளுபடி 33.33 சதவிகிதம். ஆனால் இலவசமாகக் கிடைப்பது மூன்றில் விலை குறைந்தது என்று கீழே சிறு எழுத்தில் இருக்கும். ரூ.1,000, ரூ.1,000, ரூ.500 என்று மூன்று எடுத்தால் 2,500-க்கு 500 குறைகிறது. அதாவது 20 சதவிகிதம். அதோடு, ஒரு சட்டை வாங்கப் போனவன் மூன்று சட்டைக்குச் செலவு செய்திருக்கிறான்!

(இ) "50 சதவிகிதம் வரை". இதில் உயிர் 'வரை' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு மூலையில் பத்து உருப்படிக்கு 50, மற்றதற்கெல்லாம் 10 என்றாலும் போர்டு பொய்யாகாது.

(ஈ) "ரூ.1,000, இப்போது ரூ.600". போன மாதமும் அது ரூ.600-க்கே விற்றிருந்தால் தள்ளுபடி பூஜ்யம். இதைப் பிடிக்க ஒரே வழி, ஆனி மாதமே ஒரு நடை போய் விலையைப் பார்த்துக் குறித்து வைப்பதுதான்.

துணியையும் பாருங்கள். கடை விளக்கில் நிறம் ஏமாற்றும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்க்க வேண்டும். தையல் ஓரத்தை லேசாக இழுத்தால் நூல் விலகுகிறதா என்று தெரிந்துவிடும். காட்டன் என்று விற்றது காட்டன்தானா என்று சந்தேகமா? வீட்டுக்கு வந்து உள் மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். உண்மைப் பட்டு முடி கருகும் வாசனை தரும்.

3. நகைக்கடை பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

துணியில் ஏமாந்தால் நூறுகளில் போகும். நகையில் ஏமாந்தால் ஆயிரங்களில் போகும், அதுவும் அப்பா அம்மா வருடக்கணக்கில் சேர்த்த பணம். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நகை பில்லில் நான்கு பகுதி உண்டு. தங்கத்தின் விலை (எடை × அன்றைய கிராம் விலை), சேதாரம் (சில பில்களில் 'வி.ஏ.' என்றிருக்கும்), செய்கூலி, இவற்றின் மொத்தத்தின் மேல் 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி. தங்கத்தின் விலையில் எந்தக் கடையும் பெரிதாகக் குறைக்க முடியாது. எல்லாக் கடையும் ஏறக்குறைய ஒரே அன்றாட விலையை வைத்துத்தான் விற்கின்றன. தள்ளுபடி விளையாட்டெல்லாம் சேதாரத்திலும் செய்கூலியிலும்தான்.

கணக்குக்கு எளிதாக கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், அதாவது 8 கிராம் செயின். தங்கம் மட்டும் ரூ.80,000.

முதல் கடை: "சேதாரத்தில் 50 சதவிகிதம் தள்ளுபடி!" சேதாரம் 20 சதவிகிதம், அதாவது ரூ.16,000. அதில் பாதி போக ரூ.8,000. தள்ளுபடி இல்லாவிட்டால் ரூ.96,000 ஆகியிருக்கும்; இப்போது ரூ.88,000. மொத்தத்தில் பார்த்தால் குறைந்தது 8.33 சதவிகிதம். போர்டில் 50, பில்லில் எட்டே கால்!

இரண்டாவது கடை: "செய்கூலி இல்லை!" ஆனால் சேதாரம் 18 சதவிகிதம், ரூ.14,400. மொத்தம் ரூ.94,400, வரி ரூ.2,832, கட்ட வேண்டியது ரூ.97,232.

மூன்றாவது கடை: போர்டே இல்லை. சேதாரம் 10 சதவிகிதம் ரூ.8,000, செய்கூலி ரூ.2,000. மொத்தம் ரூ.90,000, வரி ரூ.2,700, கட்ட வேண்டியது ரூ.92,700.

செய்கூலி இல்லாத கடையைவிடச் செய்கூலி வாங்கும் கடையில் ரூ.4,532 குறைவு. ஆகவே, "தம்பி, செய்கூலியே கிடையாது, தைரியமா எடுத்துக்கோங்க" என்று சொன்னால், "சரிண்ணே, சேதாரம் எத்தனை பர்சன்ட்? எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

சேதாரம் என்றால் என்ன என்பது நமக்குப் புரிய வேண்டிய விஷயம். லேத்தில் ஓட்டினால் சுருள் விழுகிறது; ஃபைல் போட்டால் தூள் விழுகிறது. நகைப் பட்டறையிலும் அதுதான் சேதாரம். ஆனால் தங்கத் தூளை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. பெருக்கி எடுத்து உருக்கிவிடுவார்கள். கோயம்புத்தூரில் பட்டறைத் தெருக்களின் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் அலசித் தங்கத் துகள் எடுத்துப் பிழைப்பவர்களே இருக்கிறார்கள். மெஷினில் செய்யும் செயினில் சேதம் இன்னும் குறைவு. ஆகவே பில்லில் உள்ள சேதாரம் உண்மையில் வீணான தங்கம் மட்டுமல்ல; கடையின் உழைப்பு, வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. அதனால்தான் அது பேசிக் குறைக்கக்கூடிய தொகை.

கல் வைத்த நகையா? கிராஸ் வெயிட், நெட் வெயிட் இரண்டையும் பில்லில் பாருங்கள். 10 கிராம் நகையில் 1.5 கிராம் கல் என்றால் தங்கம் 8.5 கிராம்தான். கல்லுக்கும் தங்க விலை போட்டால் நம் கணக்குப்படி ரூ.15,000 கூடுதல். தராசில் வைக்கும் முன் அது பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்கிற நமக்கு இது சொல்லித்தர வேண்டுமா?

4. முத்திரை பார்ப்பது எப்படி?

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166. ஆயிரத்துக்கு 916. அதுதான் "916". அதேபோல் 18 காரட் 750.

ஹால்மார்க் முத்திரைத் திட்டம் 2000-இல் தொடங்கியது. 2021 ஜூனில் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்க வேண்டும். நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பி.ஐ.எஸ். முக்கோண முத்திரை, தரம் (22கே916), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. கடையில் லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அந்த நகையின் விவரம் வரும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே சின்னத் தோடு, மூக்குத்தி வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முத்திரையிட்ட நகையில் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குபவருக்குத் தரவேண்டும் என்று 2018 பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன.

பட்ஜெட் இடிக்கிறதா? கவரிங் போடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'ஒன் கிராம் கோல்ட்' என்ற பெயரைப் பார்த்து உள்ளே ஒரு கிராம் தங்கம் இருப்பதாக நினைக்காதீர்கள். 50 சதுர செ.மீ. பரப்புள்ள வளையலுக்கு அரை மைக்ரான் முலாம் என்று வைத்துக்கொண்டு, தங்கத்தின் அடர்த்தி 19.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.048 கிராம்! அது அழகுக்கு, அடகுக்கு அல்ல.

5. நகைச் சீட்டு

பதினோரு மாதம் கட்டினால் சேதாரம் இல்லை என்ற சீட்டு நம் வீடுகளில் சாதாரணம். முதலில் கேட்க வேண்டியது, பணமாக வரவு வைக்கிறார்களா, கிராமாகவா? மாதம் ரூ.5,000 வீதம் 11 மாதத்தில் ரூ.55,000. கிராம் ரூ.10,000 என்றால் 5.5 கிராம். முடிவில் விலை ரூ.11,000 ஆகிவிட்டால் 5 கிராம்தான். அடுத்து, எத்தனை சதவிகிதம் வரை சேதாரம் தள்ளுபடி, எந்த நகைக்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, கடை நிலைக்குமா? 2017-இல் சென்னையில் நாதெள்ளா சம்பத் நகைக் கடைகள் மூடப்பட்டபோதும், 2023-இல் திருச்சியை மையமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மூடப்பட்டபோதும், பணம் கட்டியவர்கள் ரசீதோடு போலீசுக்கு அலைந்தார்கள். வருடக்கணக்கில் நடந்த கடை என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது.

6. சட்டம் நம் பக்கம்

இப்போது நடைமுறையில் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் இருப்பது அதன்படி நியாயமற்ற வணிகம். உண்மையில் குறைக்காத விலையைக் குறைந்த விலை என்று விளம்பரம் செய்வதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற போர்டு பழுதுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்தது. தள்ளுபடி விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் தனியாக வரி வாங்கியது தவறு என்று 2017-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருக்கிறது; அப்போது அது வாட் வரி.

முதலில் கடையில் பேசுங்கள். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட ஆணையம். வாங்கிய இடம் தி.நகர் என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் கையில் பில் வேண்டும்!

7. ஒரு சிறு பயிற்சி

நம்மில் பலர் நாளை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸிலும் பர்ச்சேஸிலும் உட்காரப் போகிறோம். அங்கே ஒரு பெட்டி போல்ட் வாங்கவும் மூன்று கொட்டேஷன் வாங்கி, தரம், அளவு, விலை, வரி என்று ஒரே தாளில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள். எவ்வளவு தள்ளுபடி என்று அங்கே யாரும் முதலில் கேட்பதில்லை. கடைசியில் கைக்கு என்ன விலை என்றுதான் கேட்பார்கள். கம்பெனிக் காசுக்கு அவ்வளவு காவல் என்றால், அம்மாவின் சீட்டுக் காசுக்கு எவ்வளவு காவல் வேண்டும்?

ஆகவே இந்த ஆடிக்கு வீட்டில் நகை எடுப்பதாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஒரு தாளில் மூன்று கடை, நான்கு கட்டம்: நெட் எடை, சேதாரம், செய்கூலி, வரியோடு மொத்தம். இதை எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு பணம் கட்டச் சொல்லுங்கள். "படிச்ச புள்ள, கணக்குப் பார்த்துச் சொல்லுது" என்று அம்மா சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு எந்தக் கடையிலும் தள்ளுபடி கிடையாது.

நல்லதைப் பார்த்து வாங்குவோம், அழகாக உடுத்துவோம்.